பெட்ரோல் ஊறும் வண்டி

பேராண்டி, உன் புகழ் இப்ப நிக்டி டிரான்ஸ்போர்ட் நகர் முழுக்கப் பரவிக் கிடக்குது. டீக்கடையில நாலு லாரி டிரைவருங்க உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தானுங்க. பட்டாளத்துல கழிச்சுவிட்ட நிஸான் ஒன் டன்னை, ஏலத்துல எடுத்தவன் கையில இருந்து நீ வாங்கி, துடைச்சு, பெயிண்ட் அடிச்சு ரோட்டுக்கு விட்டிருக்கியாம். அதுல பெட்ரோலே போட வேணாமாம், தானா ஊறுதாமே! பக்தி சக்தி சிலைகிட்ட கிளம்புறப்ப அரை டேங்க். தேஹு ரோடு தாண்டினா முக்கால். சோமாட்டணே டோல்கிட்ட முழுசு. காம்ஷேத்துல காலி. லோணாவளா போய்ச் சேர்றதுக்குள்ள மறுபடி அரை. இந்தச் சேதி எண்ணெய்க் கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சுன்னா, உன் வண்டியைச் சுத்தி வேலி போட்டு பம்பு இறக்கிடுவான்டா.

அதென்ன கலரு, பாலைவன மணலா? பரவாயில்ல, நல்லவேளை ஆலிவ் பச்சை அடிக்கலை. மோட்டார் வாகன விதி 121 இருக்குது. அந்தப் பச்சை பட்டாள வண்டிக்கு மட்டும்தான். அடிச்சிருந்தா ஆர்.டி.ஓ. உன்னை நல்லாக் கவனிச்சிருப்பாரு. ஆனா பெயிண்ட் விசயத்துல நீ வேற ஒரு வேலை பண்ணி வெச்சிருக்க. அதுக்கு அப்புறம் வர்றேன். சந்தோசமா இரு அதுவரைக்கும்.

எங்கிட்ட யோசனை கேக்க வந்த பார், அதுதான் எனக்குப் பெருமை. எல்லாத்தையும் வாங்கி முடிச்சிட்டுல்ல வந்திருக்க! புது பெட்ரோல் மீட்டர் ஒண்ணு. அது சரியில்லைன்னு அதைவிட விலை கூடுன மீட்டர் ஒண்ணு. அப்புறம் டேங்க் யூனிட்டு. கடைசியா வயரிங்கையே மாத்தணும்னு ஒரு வயர்மன் சொல்லிட்டானாம், அதுக்கு அட்வான்ஸு. காசு தீர்ந்த பின்னாடிதான் கிழவன் ஞாபகம் வரும். வயசானவனுக்கு மரியாதை எப்பவும் கடைசி பில்லுக்கு அப்புறம்தான்டா.

நான் ஈ.எம்.இ.யில ஸ்பேனர் பிடிச்சவன். 1943 அக்டோபர் 15-ல உண்டான படை அது. சுடறது மத்த படைங்க வேலை, சுட்டதுக்கு அப்புறம் ரிப்பேர் பாக்கறது எங்க வேலை. கிர்க்கி 512 பேஸ் ஒர்க்‌ஷாப்புல இருந்தவன், பென்ஷன் வாங்கின பின்னாடி ஊருக்குப் போகாம இங்கயே பிராதிகரண்ல குடியேறிட்டேன். கிர்க்கியிலயும் தேஹு ரோடுலயும் டிப்போக்களை நம்பி வந்த நம்மாளுங்க எத்தனையோ பேர் இப்படித்தான் மராட்டி பேசிக்கிட்டு சாம்பார் வைக்கிறோம். உன் வண்டியோட சரித்திரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியா இருந்தப்ப, ஜெர்மன்காரன் மேன் கம்பெனி லைசென்சுல ஜபல்பூர்ல சக்திமான் லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1959-லயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அது எங்களுக்கு ‘த்ரீ டன்’. அப்புறம் ஜப்பான் நிஸான்கிட்ட லைசென்ஸ் வாங்கி ஜோங்காவும் இந்த ஒன் டன்னும். 1969-ல ஜபல்பூர்ல வண்டிக்குன்னே தனித் தொழிற்சாலை வந்துச்சு. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பேராண்டி, உன்னை மாதிரி சம்பளக்காரன் வாங்க வேண்டிய வண்டியே இல்ல இது. அது குடிக்கிற குடிக்கு அரசாங்கம் ஊத்தினாத்தான் கட்டுபடியாகும். அதனாலதான் பாதிப் பேரு எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டிக்கிட்டான். நீ ரோசக்காரன், பெட்ரோலாவே வெச்சிருக்க. நடத்து.

சரி, பெட்ரோல் மீட்டர் முள்ளுக்கு வருவோம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு கேள்விப்பட்டிருக்கியா? நீ அம்பை நோகறதோட நிக்கலை, மூணு தடவை அம்பை விலை குடுத்து மாத்தியிருக்க. அந்த முள்ளுக்கு டேங்க்குல என்ன இருக்குதுன்னு தெரியாதுடா. எவ்வளவு கரண்ட் தன் வழியா ஓடுதுன்னு மட்டும்தான் தெரியும். பேட்டரியில கிளம்புற கரண்ட் சாவி வழியா மீட்டருக்கு வரும். மீட்டர்ல இருந்து ஒத்தை வயர்ல பின்னாடி டேங்க் யூனிட்டுக்குப் போகும். அங்க ஒரு தகட்டுல மெல்லிசு கம்பி சுத்தியிருக்கும், அது மேல ஒரு நாக்கு நகரும். நாக்கோட இன்னொரு முனையில மிதவை. பெட்ரோல் ஏறினா மிதவை ஏறும், நாக்கு நகரும், கரண்ட் தாண்ட வேண்டிய கம்பியோட நீளம் மாறும், முள்ளு நகரும். அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சிட்ட பாரு, அங்கதான் உன் இஞ்சினியரிங் படிப்பு பல்லை இளிக்குது. டேங்க் யூனிட்டுக்கு வந்த கரண்ட் திரும்பி பேட்டரிக்குப் போகணுமே, எது வழியா போகும்? டேங்க் தகரம் வழியா சேஸுக்கு, சேஸ் வழியா பேட்டரிக்கு. அதுதான் எர்த்து. போற வழிக்கு வயர் இருக்குது, எல்லாரும் பார்க்கறான். வர்ற வழிக்குத் துருவும் தகரமும்தான், ஒருத்தனும் குனிஞ்சு பார்க்கறதில்ல.

இப்ப உன் பெயிண்டுக்கு வர்றேன். டேங்க்கை இறக்கி, சுரண்டி, பிரைமர் அடிச்சு, மணல் கலர் ரெண்டு கோட்டு அடிச்சு, காயவெச்சு மாட்டினியே! பட்டை இரும்புக்கும் டேங்க்குக்கும் நடுவுல உராயக்கூடாதுன்னு ரப்பர் வேற வெச்ச. சேஸ்லயும் பெயிண்ட், போல்ட்டு உக்கார்ற இடத்துலயும் பெயிண்ட். டேங்க் யூனிட்டு உக்கார்ற வளையத்துல புது ரப்பர் கேஸ்கெட்டு, அதுக்கு மேல நாலு பக்கமும் சிலிக்கான் பசை. அடேங்கப்பா, எவ்வளவு சுத்தமான வேலை! கரண்ட் எந்தப் பக்கமும் தப்பிச்சுப் போகாம டேங்க்கைக் கட்டி வெச்சிருக்க. போல்ட்டு மரையில எங்கயோ ஒரு புள்ளியில தகரம் தகரத்தைத் தொடுது. ரோடு குலுங்கினா தொடும், விடும். அதைத்தான் நீ பெட்ரோல் ஊறுதுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டு வந்திருக்க.

நான் சொல்றது நிசமா பொய்யான்னு பார்க்க ஒரு துண்டு வயர் போதும். சாவி ஆஃப்ல இருக்கறப்பவே டேங்க் யூனிட்டோட மேல் தகட்டுல ஒரு முனையைக் கட்டு. இன்னொரு முனையைச் சேஸ்ல பெயிண்ட் சுரண்டின இடத்துல இறுக்கு. கட்டி முடிச்ச பின்னாடி சாவியைப் போடு. தலைகீழாப் பண்ணி டேங்க் பக்கத்துல பொறி பறக்க விட்டேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் உன்னைப் பாக்க நான் சசூன் ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும். வயர் கட்டினதும் முள்ளு நிலையா நின்னுச்சுன்னா வியாதி தெரிஞ்சு போச்சு. அந்தத் துண்டு வயருக்குப் பதிலா நல்ல தடி வயர், ரெண்டு முனையிலயும் லக்கு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச இடம், மேல கொஞ்சம் கிரீஸ். கதை முடிஞ்சுது. இதுக்கு ஆகற செலவு உன் மீட்டரோட பார்சல் செலவுக்கு வராது.

முள்ளு அதுக்கும் அடங்கலைன்னா, ராத்திரியில வண்டியில உக்காந்து இண்டிகேட்டரைப் போடு. விளக்கு சிமிட்டறப்ப முள்ளும் கூடவே சிமிட்டுதா? அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எர்த்து, அந்த எர்த்துதான் கெட்டுப் போயிருக்குது. வெப்ப மீட்டரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்து ஆடினா டேஷ் போர்டுக்குப் பின்னாடி கையை விடு. அங்க எர்த்து தளர்ந்திருக்கும், இல்லன்னா மீட்டருங்களுக்கு வோல்ட்டைச் சமமா வெக்கிற குட்டி டப்பா செத்திருக்கும். முதுகு வலிக்கும், திட்டிக்கிட்டே பாரு. எங்க உஸ்தாத் சொல்லுவார், திட்டாம டேஷ் போர்டு பார்த்த மெக்கானிக் இன்னும் பொறக்கலைன்னு.

அடுத்தது மீட்டருக்கு ஒரு பரீட்சை. மறுபடியும் சாவி ஆஃப். டேங்க் யூனிட்டுல இருந்து வர்ற வயரைக் கழட்டு, எதையும் தொடாம நிறுத்து, சாவியைப் போடு. முள்ளு ஒரு கோடிக்குப் போகணும். சாவியை ஆஃப் பண்ணி வயரைச் சேஸ்ல கட்டி மறுபடி போடு. அடுத்த கோடிக்குப் போகணும். எந்தக் கோடி எதுங்கிறது மீட்டரோட ஜாதியைப் பொறுத்தது, அதைப் பத்திக் கவலைப்படாத. ரெண்டு கோடிக்கும் போனா மீட்டரும் நல்லாருக்குது, வயரும் நல்லாருக்குது. பார்த்ததும் ஆஃப் பண்ணு. எர்த்துலயே விட்டுட்டு வடா பாவ் திங்கப் போயிட்டேன்னா, சூட்டுல தகடு வளைஞ்சு ஓடுற சாதி மீட்டரா இருந்தா வெந்து போயிரும். அப்புறம் நாலாவது மீட்டர். உனக்குத்தான் அது பழக்கமாச்சே.

முள்ளு ரெண்டு கோடிக்கும் போகலைன்னா நடுவுல வயர் அறுந்திருக்கலாம், அதையும் பாரு. நிக்டி மழைக்கும் லோணாவளா மழைக்கும் ஓடின வண்டி. முன்னாடி எவனோ எலக்ட்ரீசியன் காலிங் பெல்லு வயரை முறுக்கிக் கருப்பு டேப்பு சுத்திட்டுப் போயிருப்பான். டேப்பைப் பிரிச்சா உள்ள பச்சையா களிம்பு ஏறியிருக்கும். பட்டாளத்துல போட்ட மூட்டு இல்ல அது, அதுக்குப் பின்னாடி வந்த புத்திசாலிங்க போட்டது.

இவ்வளவும் சரியா இருந்தாத்தான் டேங்க் யூனிட்டைக் கழட்டலாம். கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி எர்த்தைக் கழட்டு. இதை நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்னு நினைக்காத, சொல்லுவேன். வெட்டவெளியில வெச்சுக் கழட்டு, பீடிக்காரன் எவனையும் பக்கத்துல சேர்க்காத. பெட்ரோல் நெருப்புப் பிடிக்கறது கம்மி, அதோட ஆவிதான் பிடிக்கும். காலி டேங்க் நிறைஞ்ச டேங்க்கைவிட மோசம். கழட்டினதும் மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு, மிதவையை ஆமை வேகத்துல தூக்கு. எண்ணு சீரா ஏறணும், இல்ல சீரா இறங்கணும். நடுவுல எங்கயாவது காணாமப் போச்சுன்னா அந்த இடத்துல கம்பி தேஞ்சு போச்சு. வண்டி எந்த மட்டத்துல நிறைய நாள் ஓடிச்சோ அங்கதான் தேயும். பட்டாளத்துல சாயங்காலம் ‘லாஸ்ட் பரேட்’ முடியறதுக்குள்ள டேங்க்கை நிரப்பி வெப்போம், அதனால மேல் பக்கம் தேயும். உன் கையில இருந்தா கீழ்க் கால் பாகம்தான் தேயும். நீ பெட்ரோல் போடற அழகு அப்படி.

மிதவையைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு. உள்ள சளக்குன்னு சத்தம் வந்தா ஓட்டை. சின்ன வயசுல கிணத்துல நீச்சல் பழகறப்ப முதுகுல சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்களே, அதுல ஓட்டை விழுந்தா புள்ளையையும் சேர்த்து அமுக்கும். அதே கதைதான். டேங்க் நிறைஞ்சிருந்தாலும் மிதவை அடியில கிடக்கும், முள்ளு காலின்னு அழும். பித்தளை மிதவைன்னா வெந்நீர்ல முக்கு, குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. பத்தவெச்சு அடைச்சிடலாம்னு உடனே டார்ச்சைத் தேடாத. உள்ள பெட்ரோல் இருக்குதுடா. புது மிதவை வாங்கிப் போடு. இந்த ஒரு செலவை மட்டும் நான் தடுக்க மாட்டேன்.

இன்னொண்ணு இருக்குது, இது உன் தாத்தன் காலத்துல இல்லாத வியாதி. இப்ப பம்புல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனால். 2030-க்குன்னு வெச்சிருந்த இலக்கை முன்னாடி இழுத்து 2025-லயே எட்டிட்டாங்க. மகாராஷ்டிராவுல கரும்பு ஆலைக்குப் பஞ்சமா? உன் வண்டி பெட்ரோல் குடிக்கப் பொறந்தது, நீ அதுக்குக் கரும்புச் சரக்கு ஊத்தற. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கற குணம் உண்டு. மழைக்காலம் பூரா வண்டியை நிறுத்தி வெச்சா தண்ணி பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காரும். பழைய ரப்பரும் கார்க்கும் ஊறிப் போகும், டேங்க் யூனிட்டுக் கம்பியில களிம்பு ஏறும். ஓட்டாத வண்டிக்குத்தான் இந்த நோவு. அதனால ஓட்டு. செலவைப் பார்த்து அழுதுக்கிட்டே ஓட்டு.

இப்ப நீ வாங்கின புது மீட்டரைப் பத்தி. ஆன்லைன்ல ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’னு போட்டிருந்தான்னு வாங்கினியே. எல்லாருக்கும் பொருந்துற சட்டை எவனுக்கும் பொருந்தாது. அமெரிக்கக்காரன் மீட்டர் ஒண்ணுல காலி டேங்க்குன்னா 240 ஓம், நிறைஞ்சா 33. ஐரோப்பாக்காரன் வி.டி.ஓ. மீட்டர்ல காலின்னா 10, நிறைஞ்சா 180. ஒருத்தன் மீட்டரை இன்னொருத்தன் டேங்க் யூனிட்டோட கட்டினா என்ன ஆகும்? பெட்ரோல் தீரத் தீர முள்ளு நிறையும். உன் ஜாதகத்துக்கு ரொம்பப் பொருத்தமான மீட்டர். வோல்ட்டையும் பாரு. ரெண்டு பேட்டரி இருக்குதுன்னு 24 வோல்ட்டுன்னு முடிவு பண்ணாத, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல கட்டி 12-ஆ ஓட்டறவனும் உண்டு. அளந்து பாரு. 12 வோல்ட் மீட்டரை 24-ல கட்டினா முள்ளு ஆடாது, புகை வரும்.

சிரிக்காத, இது சின்ன விசயமில்ல. 2005 ஆகஸ்ட் 6, இத்தாலி பாரியில இருந்து துனீசியாவோட ஜெர்பாவுக்குப் போன துனின்டெர் விமானம். ஏ.டி.ஆர். 72 ரகம். அதுல ஏ.டி.ஆர். 42-க்கு உள்ள எண்ணெய் மீட்டரை முந்தின நாள் மாட்டி வெச்சிட்டாங்க. பார்க்க ஒரே அச்சு. மீட்டர் நிறைய எண்ணெய் இருக்குதுன்னு சொல்லிச்சு, டேங்க்குல இல்ல. சிசிலி தீவுக்குப் பக்கத்துல கடல்ல இறங்கிச்சு. 39 பேர்ல 16 பேர் போயிட்டாங்க. பொருந்தறதும் பொருந்துனாப்புல இருக்கறதும் வேற வேற.

மீட்டரை நம்ப முடியாதுங்கறதாலதான் எங்க படையில காலையில ‘ஃபர்ஸ்ட் பரேட்’ல முள்ளைப் பார்க்கவே மாட்டோம். மூடியைத் திறந்து குச்சியை விடுவோம். உனக்கும் ஒரு குச்சி செய்யச் சொல்றேன். மூங்கில் இல்ல தேக்குச் சட்டம், பெயிண்ட் கூடாது, வார்னிஷ் கூடாது. உனக்குத்தான் கை அரிக்கும், அதனால சொல்றேன். இரும்பும் வேணாம், பிளாஸ்டிக்கும் வேணாம். டேங்க்கைக் காலி பண்ணி, வண்டியைச் சமதரையில நிறுத்தி, பம்புல 10 லிட்டர் போடு, குச்சி விடு, கத்தியால ஒரு கோடு. இன்னொரு 10, இன்னொரு கோடு. அதே நேரத்துல முள்ளு எங்க நிக்குதுன்னு ஒரு தாள்ல குறிச்சுக்கோ. டேங்க் சதுரப் பெட்டியா இல்லன்னா கோடுங்க சம தூரத்துல வராது, பதறாத. குச்சியை எடுத்த உடனே படி, பெட்ரோல் நொடியில காஞ்சிடும். அடியில ரெண்டு விரக்கடை இருந்தா அதை எண்ணாத. எஞ்சினுக்குப் போற குழாய் அடி வரைக்கும் போகாது. போர்காட் மலைப்பாதையில ஏறறப்ப குச்சியும் பொய் சொல்லும், முள்ளும் பொய் சொல்லும். பெட்ரோல் ஒரு பக்கமா சரிஞ்சிடும். சமதரையில நிறுத்திப் பார்க்கறதுதான் கணக்கு.

குச்சி வந்துட்டா தலை கனத்திடாத. 1983 ஜூலை 23, ஏர் கனடாவோட போயிங் 767. எண்ணெய் மீட்டர் வேலை செய்யலைன்னு அவங்களும் குச்சி வெச்சுத்தான் அளந்தாங்க. குச்சி சரியாச் சொல்லிச்சு. கணக்குப் போட்டவங்க கிலோவுக்குப் பதிலா பவுண்டுக்கு உள்ள எண்ணால பெருக்கிட்டாங்க. 22,300 கிலோ வேண்டிய இடத்துல 22,300 பவுண்டு. பாதி கூட இல்ல. 41,000 அடி உயரத்துல போனது, நடுவழியில எஞ்சின் நின்னுச்சு. கேப்டன் பாப் பியர்சனுக்கு கிளைடர் ஓட்டின பழக்கம் இருந்ததால, கிம்லிங்கிற ஊர்ல பழைய விமானப்படைத் திடல்ல சறுக்கிக்கிட்டே இறக்கினாரு. 69 பேரும் பிழைச்சாங்க. உனக்குக் கிளைடர் தெரியாது, அதனால லிட்டரை லிட்டராவே எழுதிக்கோ.

உன் வயர்மனுக்குக் குடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது, அதை மறந்துடு. வயரிங்கை மாத்தக் கூடாதுன்னு மட்டும் போய்ச் சொல்லிட்டு வா. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை எங்க வீட்டு வாசலுக்குக் கொண்டா. தடி வயர் ரெண்டு மீட்டர், லக்கு நாலு, உப்புத்தாள் ஒண்ணு, கொஞ்சம் கிரீஸ் வாங்கிட்டு வா, வேற எதையும் ஆர்டர் போட்டுடாத. பேட்டரி எர்த்தை முதல்ல கழட்டணும்னு ரெண்டாவது தடவையும் சொல்லிட்டேன். வர்றப்ப முள்ளை நம்பி வராத, அஞ்சு லிட்டர் போட்டுட்டு வா.